ஐப்பசியில் கன்று நட ஆவணியிலேயே உடம்பைப் பழக்குங்கள்

வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். அதையொட்டி ஏரிக்கரை, சாலையோரம், பள்ளி வளாகம் என எங்கும் கன்று நடும் வேலை சூடுபிடிக்கும். மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்தும் நோக்கோடு 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் தொடங்கப்பட்டது. கன்றுக்கும் வேலிக்கும் தண்ணீர் லாரிக்கும் முன்கூட்டியே திட்டம் போடுகிறோம். வேலை செய்யப்போகும் உடம்புக்கு மட்டும் யாரும் திட்டம் போடுவதில்லை. முதல் வாரம் உற்சாகமாக மண்வெட்டி பிடித்தவர், அடுத்த வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்.

குழி ஒன்றுக்கு 125 கிலோ

நடுவது சுலபம், குழி எடுப்பதும் சுமப்பதும்தான் உடம்பை வாட்டும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடியாகக் குழி எடுத்தால் ஏறத்தாழ 125 கிலோ மண் வெளியே வரும். பத்துக் குழி என்றால் ஒரு டன்னுக்கு மேல். இரண்டு மூன்று கிலோ எடையுள்ள பை நாற்றுகளை வண்டி நிற்கும் இடத்திலிருந்து குழிவரை சுமக்கும் வேலை தனி.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பருவம் முழுக்க மரம் நடுவதையே தொழிலாகச் செய்பவர்களைச் செல்கிர்க் கல்லூரியின் டெலியா ராபர்ட்ஸ் ஆராய்ந்தார். அவர்கள் மணிக்கு 200 முறைக்கு மேல் குனிகிறார்கள். சுமையோடு நாளுக்கு 16 கிலோமீட்டர் நடக்கிறார்கள். பருவம் தொடங்கும் முன்பே பயிற்சி எடுக்க வேண்டும் என்று அங்கே வலியுறுத்துவது இதனால்தான்.

ஆறு வாரப் பயிற்சி

தசை சில வாரங்களில் வலுவடையும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் அதைவிட மெதுவாகத்தான் பழகும். அதனால் குறைந்தது ஆறு வாரம் முன்பே, ஆவணிக் கடைசியில், தொடங்குவது நல்லது.

முதல் இரண்டு வாரம்: தினமும் 30 முதல் 45 நிமிடம் வேக நடை. அதோடு பத்துப் பத்தாக மூன்று முறை தோப்புக்கரணம். தொடைக்கும் இடுப்புக்கும் இதைவிடச் செலவில்லாத பயிற்சி கிடையாது.

அடுத்த இரண்டு வாரம்: இரண்டு வாளிகளில் ஐந்தைந்து லிட்டர் தண்ணீர் நிரப்பி, முதுகு நிமிர்ந்து 10 நிமிடம் நடங்கள். ஈரத் துண்டை இரு பக்கமும் மாற்றி மாற்றிப் பிழிவது கைப்பிடிக்கும் முழங்கைக்கும் வலுத் தரும்.

கடைசி இரண்டு வாரம்: ஒருநாள் விட்டு ஒருநாள் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்து ஒரு குழி, பிறகு இரண்டு குழி. உள்ளங்கை காப்புக் காய்ப்பதும் இப்போதே தொடங்கிவிடும்.

புதுப் பயிற்சிக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் தசை வலிப்பது இயல்பு. மூட்டில் குத்தும் வலி, விரல் மரத்துப்போதல், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலி இவை இயல்பல்ல; பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இடுப்பு தப்பிக்க

குழியில் கடைசி அரை அடிதான் ஆபத்து. மண்வெட்டி உள்ளே திரும்பாது. கையால் அள்ள வேண்டும். நின்றபடி குனிந்து அள்ளுகிறவருக்கு அங்கேதான் பிடித்துக்கொள்ளும். சாக்கை மடித்துப் போட்டு, ஒரு முழங்காலை ஊன்றிச் சட்டியில் அள்ளுங்கள். மண்ணைக் கொட்டும்போது இடுப்பைத் திருகாமல் காலை நகர்த்தித் திரும்புங்கள். கடப்பாரையை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். அதன் எடையே குத்தட்டும். தூங்கும்போது முதுகெலும்புத் தட்டுகள் நீர் உறிஞ்சி உப்பியிருக்கும். ஆகவே எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்து செய்யும் வேலை வேண்டாம்.

வெயிலும் தண்ணீரும்

நாற்றங்காலில் நிழல்வலைக்குக் கீழே வளர்ந்த கன்றை, நடுவதற்கு முன் தண்ணீரைக் குறைத்து வெயிலில் வைத்துப் பழக்குவார்கள். மின்விசிறிக்குக் கீழே வேலை பார்த்த உடம்புக்கும் அந்தப் பழக்கம் தேவை. வெயிலுக்கு உடம்பு ஈடுகொடுக்க ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். புதியவர்கள் முதல் நாள் வழக்கமான நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் வேலை செய்து, நாளுக்கு ஒரு பங்காகக் கூட்டிக்கொள்ளலாம்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். இடையிடையே உப்புப் போட்ட மோர் நல்லது. காலையில் வெறும் காபியோடு கிளம்ப வேண்டாம். கம்பங்கூழோ இட்லியோ வயிற்றில் இருக்கட்டும். தலைசுற்றல், குமட்டல் வந்தால் உடனே நிழலுக்குப் போங்கள். பேச்சுக் குழறினால் உடம்பைத் தண்ணீரால் நனைத்து, 108-ஐ அழையுங்கள்.

பருவத்துக்கு முன் பரிசோதனை

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சீக்கிரம் மூச்சு வாங்கினால் ‘பழக்கமில்லை’ என்று விட்டுவிடாமல் ஹீமோகுளோபின் பாருங்கள். இதயநோய், குடலிறக்கம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு இறங்க வேண்டும். சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வெயிலில் நீர்வறட்சி எளிதில் வரும். சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு மண்ணில் நிற்கவே கூடாது.

கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டு தாண்டியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். முழு ஷூவும் கையுறையும் அவசியம். தேங்கிய நீரில் வேலை செய்த சில நாட்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மருத்துவரிடம் வேலை விவரத்தைச் சொல்லுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

ஏற்பாட்டாளர்களுக்கு

நடவு நாளை முந்தின இரவு வாட்ஸ்அப்பில் அறிவிக்காதீர்கள். ஆறு வாரம் முன்பே சொல்லுங்கள்; அழைப்போடு பயிற்சி அட்டவணையையும் அனுப்புங்கள். ஒரே ஆளிடம் கடப்பாரையை நாள் முழுக்கக் கொடுக்காமல் அரைமணிக்கு ஒருமுறை வேலையை மாற்றிக் கொடுங்கள். ஒரே நாளில் எத்தனை கன்று நட்டோம் என்பது பெருமையல்ல. அடுத்த இரண்டு கோடைக்கும் அந்தக் கன்றுகளுக்குத் தண்ணீர் சுமக்க அதே ஆட்கள் வேண்டும்.