வீட்டுக்கு வராத கணக்கெடுப்பாளர்

தமிழகத்துக்கு வெளியே வாழும் அன்பர்கள் பலருக்கு ஓர் ஐயம் உண்டு. "மக்கள் மாதந்தோறும் அரிசிக்கு இவ்வளவு செலவிடுகின்றனர், பாலுக்கு இவ்வளவு செலவிடுகின்றனர் என்று அரசாங்கம் அறிக்கை வெளியிடுகிறது. முப்பது ஆண்டுகளாக இந்நகரில் குடியிருக்கிறோம். எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வந்து கேட்டதில்லையே! எங்களைக் கேளாமல் எழுதிய கணக்கு எங்களுக்கு எப்படிப் பொருந்தும்?" என்கின்றனர். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை காண நிகழ்தகவு என்னும் கணக்கைச் சற்றே நாட வேண்டியிருக்கிறது.

2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை நடைபெற்ற குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில் 2,61,746 குடும்பங்கள் விவரம் அளித்தன. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படியே நாட்டில் ஏறத்தாழ 25 கோடிக் குடும்பங்கள் இருந்தன. ஆகவே ஆயிரம் வீடுகளுக்கு ஒரு வீடு என்பதே கணக்கு. இத்தகைய பேராய்வு ஆண்டுதோறும் நடந்ததாக வைத்துக்கொண்டாலும், முப்பது ஆண்டுகளில் ஒரு குறிப்பிட்ட வீட்டின் முறை வருவதற்கு உள்ள வாய்ப்பு நூற்றுக்கு மூன்றே. ஒருவரும் வராததில் வியப்பில்லை, வந்திருந்தால்தான் வியப்பு. மேலும், முதலில் கிராமங்களையும் நகரப் பகுதிகளையும் தெரிந்தெடுத்து, அவற்றுள் ஒவ்வொன்றிலும் பதினெட்டு வீடுகள் என்ற அளவில் எடுப்பதே அவ்வாய்வின் முறை. அன்று 8,723 கிராமங்களும் 6,115 நகரப் பகுதிகளும் இடம்பெற்றன. நம் பகுதி அகப்படாவிடில், தெருவில் எவரைக் கேட்டாலும் "எம்மிடமும் வரவில்லை" என்றே சொல்வர்.

ஆயிரத்தில் ஒன்று எஞ்சிய தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதுக்காகப் பேச முடியுமா? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீட்டுப் பெண்டிர் கணிதம் பயிலாமலே அறிந்திருந்தனர். ஆனால் அப்பழமொழியில் சொல்லாமல் விட்ட நிபந்தனை ஒன்று இருக்கிறது. மேற்பரப்பில் மட்டும் சோற்றை எடுத்துப் பார்த்தால் அடிபிடித்தது தெரியாது. சாம்பாரில் உப்புப் பார்ப்பவர் முதலில் அடிவரை துழாவுகிறார். பிறகே ஒரு கரண்டி எடுக்கிறார். நன்கு துழாவிய பின், நால்வருக்கான பாத்திரமாயினும் நானூறு பேருக்கான கல்யாண அண்டாவாயினும், ருசி பார்க்கும் கரண்டி ஒன்றே. அதுபோல, முறையாகக் குலுக்கி எடுத்த ஆயிரம் பேரிடம் 'ஆம், இல்லை' என்னும் வினாவைக் கேட்டால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை விடை உண்மையிலிருந்து ஏறத்தாழ மூன்று விழுக்காட்டுக்குள்ளேயே நிற்கும். அந்த ஆயிரம் பேர் கேரளத்திலிருந்து எடுக்கப்பட்டாலும் பாரத நாடு முழுவதிலுமிருந்து எடுக்கப்பட்டாலும் பிழையின் அளவு பெரிதும் மாறாது. பிழையைப் பாதியாக்க வேண்டுமாயின் நாலாயிரம் பேரைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியே கணக்கு வேண்டும் என்பதால்தான் மொத்தம் இலட்சக் கணக்கில் ஏறுகிறது.

துழாவுதல் என்பதற்கு இங்கே பொருள் குலுக்கல். எவ்வீட்டுக்குச் செல்வது என்பதை ஆய்வாளரின் விருப்பத்துக்கு விட்டுவிடலாகாது. உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறையில், ஓலையில் இருப்பது இன்னதென்றறியாத சிறு பிள்ளையைக் கொண்டு எடுப்பித்தனர் அல்லவா? கருத்து அதுவே. அது தவறினால் எண்ணிக்கை எவ்வளவு பெருகியும் பயனில்லை. 1936-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் இதழ் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் விடைகளைத் திரட்டி, லாண்டன் வெல்வார் என்றது. வென்றவர் ரூஸ்வெல்ட்; அதுவும் 48 மாநிலங்களுள் 46-இல்! தொலைபேசியும் மோட்டார் காரும் வைத்திருந்தோரின் பட்டியல்களையே அவ்விதழ் பெரிதும் நம்பியிருந்தது. எழுதிக் கேட்டவர்களிலும் பெரும்பாலோர் விடை அனுப்பவில்லை.

நம் நாட்டில் இக்கலையை வளர்த்தவர் பேராசிரியர் மகலனோபிஸ். 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை அமைத்து, வங்காளத்துச் சணற்பயிரை மாதிரி முறையில் மதிப்பிட்டுக் காட்டினார். அவர் முயற்சியால் 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது.

இனி, கணக்கெடுப்பாளர் ஒரு நாள் நம் வாயிலிலேயே வந்து நிற்கிறார் என்று கொள்வோம். "நாங்கள் மதராஸ்காரர்கள். சோறும் காப்பியும் எங்கள் வழக்கம். இவ்வூர் நிலவரம் அறிய வேண்டுமாயின் அடுத்த வீட்டுச் சர்மாஜியைக் கேளுங்கள்" என்று பணிவுடன் சொல்லி அனுப்பிவிடும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. பணிவு நன்றே, கணக்குக் கெட்டுவிடும். தில்லியில் வாழும் தமிழரும் தில்லிவாசிகளே. அத்தகைய வீடுகள் யாவும் விலகிக்கொண்டால், தில்லியின் அரிசி மூட்டை தாளில் சிறுத்துவிடும். காவலர் நிற்கும் பெரிய அடுக்ககங்களில் ஆய்வாளரை உள்ளேயே விடாத வழக்கம் இதனினும் கேடானது. அங்கே மறைவது செல்வரின் செலவு. மாற்று வீடு ஒன்று கிடைக்கலாம். ஆனால் கதவைத் திறக்கும் வீடும் திறவாத வீடும் ஒரே தன்மையுடையன அல்ல.

சொல்லும் விடை மெய்யாக இருக்க வேண்டுவதும் அவ்வளவே முக்கியம். 1947-இல் தில்லிச் செங்கோட்டையில் அடைக்கலம் புகுந்தோரை உள்ளே சென்று எண்ண இயலவில்லை. உணவு வழங்கிய ஒப்பந்தக்காரர்களோ பெருந்தொகைக்குப் பட்டியல் அனுப்பினர். புள்ளியியலார் ஜே. எம். சென்குப்தா, ஒருவருக்கு நாளொன்றுக்கு அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, உப்பு எவ்வளவு வேண்டும் என்பதை முந்தைய ஆய்வுகளிலிருந்து எடுத்து, பட்டியலிலுள்ள அளவுகளை வகுத்துப் பார்த்தார். அரிசியால் வந்த தலைக்கணக்கு மிகப் பெரிது. உப்பால் வந்தது மிகச் சிறிது. மலிவான உப்பில் பொய்க்கணக்கு எழுதி ஆதாயம் என்ன? ஆகவே உப்பையே நம்பினார். வேறு வழியால் தொகை தெரிந்திருந்த ஹுமாயூன் சமாதி முகாமில் இம்முறை சரியென மெய்ப்பிக்கப்பட்டது. இதனைத் தம் நூலில் எடுத்துரைத்தவர் அறிஞர் சி. ஆர். ராவ்.

இவற்றால் நமக்கு ஆவதென்ன என்று கேட்கலாம். மத்திய அரசு ஊழியரின் அகவிலைப்படி, தொழிலாளருக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைப் பின்பற்றி உயர்வது. 2016-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசையில் 88 மையங்களின் விலைகள் சேர்க்கப்பட்டன. அரிசிக்கு எவ்வளவு எடை, வாடகைக்கு எவ்வளவு எடை என்பதைத் தொழிலாளர் குடும்பங்களிடம் நடத்திய மாதிரி ஆய்வே வகுத்தது. அலுவலகத்தில் மேசையருகே அமர்ந்திருப்பவரின் படியை, ஆலைத் தொழிலாளி ஒருவர் வாயிற்படியில் நின்று சொன்ன விடை நிர்ணயிக்கிறது! இவ்விந்தையை நம்மவர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

வருபவரிடம் அடையாளச் சீட்டைக் கேட்டுப் பார்ப்பது நம் உரிமை. நாம் தரும் விவரம் புள்ளியியல் பணிக்கு மட்டுமே உரியது என்று 2008-ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம் காப்பளிக்கிறது. காய்கறி, எண்ணெய் ஆகியவற்றுக்குக் கடந்த 7 நாள் கணக்கையும், அரிசி பருப்புக்கு 30 நாள் கணக்கையும், துணிமணிக்கு 365 நாள் கணக்கையும் கேட்பர். ஊருக்கு அனுப்பும் பணத்தைப் பற்றியும் ஐயம் எழும். திருநெல்வேலியிலுள்ள பெற்றோருக்கு மாதந்தோறும் அனுப்பும் தொகை இங்கே நுகர்வுச் செலவாகாது. அது அங்கே அரிசியாகவும் மருந்தாகவும் மாறும்போது அவ்வீட்டுக் கணக்கில் ஏறும். ஆனால் அம்மா இரயிலில் கொடுத்தனுப்பிய வற்றலும் மிளகாய்ப்பொடியும், காசு கொடாமல் கிடைத்தனவாயினும், உண்ணப்படுவது இங்கே ஆதலால், இவ்வூர் விலைக்கு மதிப்பிட்டு நம் கணக்கிலேயே எழுதப்படும்.