வாழை (திரைப்படம்)

வாழை என்பது 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியான தமிழ்த் திரைப்படம் ஆகும். மாரி செல்வராஜ் எழுதி இயக்கிய இப்படம், அவரது சிறுவயது வாழ்க்கையைத் தழுவிய தன்வரலாற்றுப் படைப்பாகும். பரியேறும் பெருமாள் (2018), கர்ணன் (2021), மாமன்னன் (2023) ஆகியவற்றை அடுத்து அவர் இயக்கிய நான்காவது படம் இதுவாகும். இசையமைத்தவர் சந்தோஷ் நாராயணன். ஒளிப்பதிவு செய்தவர் தேனி ஈஸ்வர்.

கதைக்களம்

தூத்துக்குடி மாவட்டத்தில் இரு வேறு வகை நிலங்கள் உள்ளன. வடக்கே கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரங்கள் மழையை நம்பிய கரிசல் பூமி. பருத்தி, உளுந்து, மிளகாய் போன்றவை அங்கு விளைகின்றன. தெற்கே திருவைகுண்டத்தைச் சூழ்ந்த தாமிரபரணிப் பாசனப் பகுதியில் நெல்லும் வாழையும் பயிரிடப்படுகின்றன. படத்தின் கதை இந்த வாழைத் தோட்டங்களில் நிகழ்கிறது. வெட்டிய வாழைத்தார்களைத் தலைச்சுமையாகச் சுமந்து லாரியில் ஏற்றுவது நிலமற்ற தொழிலாளரின் வேலையாகும்.

கதைச்சுருக்கம்

1990களின் இறுதியில் கதை நடைபெறுகிறது. தந்தையை இழந்த சிறுவன் சிவனைந்தன் (பொன்வேல்) நன்றாகப் படிப்பவன். பூங்கொடி ஆசிரியையின் (நிகிலா விமல்) மீது அன்பு கொண்டவன். பள்ளி விடுமுறை நாள்களில் அக்கா வேம்புவுடன் (திவ்யா துரைசாமி) வாழைத்தார் சுமக்குமாறு தாய் அவனைக் கட்டாயப்படுத்துகிறார். கனி (கலையரசன்) என்னும் இளைஞர் முன்னின்று கூலி உயர்வு கேட்கிறார். வியாபாரி அதற்கு இணங்கினாலும், செலவைக் குறைக்கத் தொழிலாளர்களைத் தார் ஏற்றிய லாரியின் மீதே பயணம் செய்யவைக்கிறார். ஒரு நாள் சிவனைந்தன் சுமைக்குச் செல்லாமல் நடனப் பயிற்சிக்காகப் பள்ளிக்குச் செல்கிறான். அன்று லாரி கவிழ்ந்து வேம்பு, கனி உட்படப் பலர் இறக்கின்றனர்.

கருப்பொருள்

இயக்குநரின் சிறுவயதில் நிகழ்ந்த உண்மையான விபத்து ஒன்றே இக்கதைக்கு அடிப்படையாகும். பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா துருப்போ 1959 இல் தம் இளமையைத் தழுவி எடுத்த முதல் முழுநீளப் படத்தில், வீடும் பள்ளியும் சிறுவனை ஒருங்கே ஒடுக்குகின்றன. வாழையிலோ பள்ளி புகலிடமாக அமைகிறது. தாயின் கடுமைக்கும் அன்பின்மை காரணமன்று. வேலைக்கென வாங்கிய முன்பணத்தைச் சுமந்தே கழிக்க வேண்டிய நிலையே காரணமாகும். அவ்வாறே, விபத்து வெறும் தற்செயலாகக் காட்டப்படவில்லை. உயர்த்திக் கொடுத்த கூலியை வியாபாரி வேறு வழியில் மிச்சப்படுத்தியதன் விளைவாகவே அது காட்டப்படுகிறது.

விவாதம்

படம் வெளியானபின், கோவில்பட்டியை அடுத்த உருளைகுடியைச் சேர்ந்தவரும் சூல் புதினத்திற்காக 2019 ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது பெற்றவருமான எழுத்தாளர் சோ. தர்மன், தாம் முன்னரே எழுதிய வாழையடி என்னும் சிறுகதையுடன் படத்திற்கு ஒற்றுமை உள்ளதெனக் கூறினார். அக்கதையும் வாழைத்தார் சுமப்போரைப் பற்றியதாகும். மாரி செல்வராஜ் அக்கதையை அனைவரும் வாசிக்க வேண்டும் எனப் பதிலளித்தார். ஒருவர் தம் சொந்த இழப்பாகச் சொல்லும் நிகழ்வு, அதே தொழிலில் உழன்ற பல குடும்பங்களின் பொது அனுபவமாகவும் இருக்கக்கூடும் என்பதை இவ்விவாதம் கவனத்திற்குக் கொண்டுவந்தது.