சத்தம் கேக்கு, வெளங்கல

திருநெல்வேலி பேட்டை கூட்டுறவு நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர்கள் சிலரிடம் பேசிப் பாருங்கள். நாம் பேசும்போது அவர்கள் பார்வை நம் கண்ணில் நிற்காது, உதட்டில் நிற்கும். நூல் நூற்கும் இயந்திரங்கள் வரிசையாக ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. கைச்சாடையிலும் உதட்டசைவிலுமே ஷிப்டை ஓட்டியவர்கள் அவர்கள். "அண்ணாச்சி, காது கேக்கலையா?" என்றால் வருகிற பதில் இதுதான்: "சத்தம் கேக்கு, என்ன சொல்லுதியன்னுதான் வெளங்கல."

சாக்குப்போக்கு என்று வீட்டில் உள்ளவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் நோயை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. சத்தத்தை வாங்குவதுதான் காதின் வேலை, விளங்கிக்கொள்வது மூளை.

காதுக்குள் நடப்பது

காற்றின் அதிர்வு செவிப்பறையில் மோதுகிறது. அதை ஒட்டிய மூன்று சிற்றெலும்புகள் அந்த அதிர்வைப் பெருக்கி உள்ளே தள்ளுகின்றன. அவற்றில் கடைசி எலும்பு சுமார் 3 மி.மீ. நீளம், உடம்பிலேயே அதுதான் சிறியது. அதற்கு அப்பால், திரவம் நிறைந்த நத்தைச் சுருள் போன்ற ஓர் உறுப்பு. அதில் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 மயிர்செல்கள் இருக்கின்றன. அவைதான் அதிர்வை மின்துடிப்பாக மாற்றி, சுமார் 30,000 இழைகள் கொண்ட செவிநரம்பு வழியாக மூளைக்கு அனுப்புகின்றன. இந்தச் செல்கள் செத்தால் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை.

துடிப்பு மூளைத்தண்டை அடைந்ததும் இரண்டு காதுகளின் செய்தியும் ஒப்பிடப்படுகிறது. சேரன்மகாதேவி சாலையைக் கடக்கும்போது வலப்பக்கம் பஸ் ஹாரன் அடித்தால், அந்த ஒலி வலக்காதுக்கு வந்து ஒரு மில்லி நொடிக்கும் குறைவான நேரம் கழித்துத்தான் இடக்காதுக்கு வரும். அந்த இடைவெளியை வைத்தே பஸ் எந்தப் பக்கம் என்று மூளை தீர்மானிக்கிறது. ஒரு காது போனவர்கள் சாலையில் திணறுவது இதனால்தான். பிறகு செய்தி, காதுக்கு மேலே உள்ள பொட்டு மடலுக்குப் போகிறது. அங்கே தடித்த ஒலிக்கு ஓரிடம், கீச்சு ஒலிக்கு ஓரிடம் என்று வரிசையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது.

நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூணைத் தட்டினால் கல் தருவது வெறும் அதிர்வு; அதைச் சுரமாக்குவது மூளை. இல்லாத ஒலியைக்கூட அது கேட்டுவிடும். ஆண்குரலின் அடிநாதம் நொடிக்கு 120 அதிர்வு அளவில் இருக்கும். பழைய டெலிபோன் 300-க்குக் கீழ் எதையுமே கடத்தாது. ஆனாலும் போனில் அப்பா பேசினால் அப்பா குரலாகத்தான் கேட்டது. மேலே உள்ள கிளை அதிர்வுகளை வைத்து, வராத அடிநாதத்தை மூளை கணக்கிட்டுப் போட்டுக்கொள்கிறது.

மகுடம் அடித்தால் கால் ஏன் ஆடுகிறது?

கோயில் கொடைக்குக் கணியான் கூத்து வைத்தால் மகுடம் என்ற பறை இரண்டு வரும். ஒன்று உச்சம், ஒன்று மந்தம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளின் பாதமும் தானாகத் தட்ட ஆரம்பிக்கும். தாளம் கேட்கும்போது செவிப்பகுதி மட்டும் வேலை செய்வதில்லை. உடம்பை அசைக்கும் பகுதிகளும் விழித்துக்கொள்கின்றன, நாம் அசையாமல் இருந்தாலும். அடுத்த அடி எப்போது விழும் என்று அவை முன்கூட்டியே எதிர்பார்க்கின்றன. பார்க்கின்சன் நோயால் நடை தடுமாறுபவர்கள் சீரான தாளத்துக்கு அடியெடுத்து வைத்தால் நடை சற்றுத் தேறுவது இந்தப் பிணைப்பினால்தான்.

பாட்டில் புல்லரிக்க வைக்கும் இடம் வரும் நேரத்தில் மூளையில் டோபமைன் சுரப்பதை மான்ட்ரியால் ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினார்கள். அந்த இடம் வருவதற்கு முன்பே, எதிர்பார்ப்பிலேயே சுரப்பு தொடங்கிவிடுகிறது. வில்லுப்பாட்டில் புலவர் ஓரிடத்தில் நிறுத்தி, குடம் அடிப்பவர் அந்த இடைவெளியை நிரப்புவதற்குள் கூட்டம் நிமிர்ந்து உட்காருகிறதே, அதற்கு ஆய்வுக்கூடம் இப்போதுதான் விளக்கம் கொடுக்கிறது.

இன்னொன்று வீட்டில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. பக்கவாதத்தில் இடப்பக்க மூளை பாதித்துப் பேச்சு போனவர்களில் சிலர், பேச முடியாத சொல்லைப் பாட்டாகப் பாடிவிடுவார்கள். "நடிக்கிறார்" என்று சொல்லாதீர்கள். பாட்டுக்கு வலப்பக்க மூளையும் கைகொடுக்கிறது. அதைப் பிடித்தே பேச்சுப் பயிற்சி அளிக்கும் முறை 1970-களிலிருந்து இருக்கிறது.

குழாய் ஸ்பீக்கருக்கு அருகில்

அதே கொடையில்தான் ஆபத்தும் இருக்கிறது. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது பொதுவான வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே பிள்ளைகளை உட்காரவைத்து ராத்திரி முழுக்கக் கூத்துப் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்ற சட்டம் 2000-லிருந்து இருக்கிறது. இருந்து என்ன!

இரைச்சல் முதலில் அழிப்பது நொடிக்கு 4,000 அதிர்வு அளவில் உள்ள கீச்சொலிக்கான செல்களை. உயிரெழுத்தின் ஒலி தடித்தது, அது தப்பிக்கும். 'ச', 'த', 'க' போன்றவை மெலிந்தவை, அவை போய்விடும். "காசு" என்றால் "காது" என்று விழும். நூற்பாலைக்காரர் சொன்ன "வெளங்கல" இதுதான்.

மூன்று வயதுக்குள்

பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு மூளை காத்திருக்காது. சத்தம் வராவிட்டால், செவிக்கென்று ஒதுக்கிய பகுதியைப் பார்வையும் தொடுகையும் மெல்ல எடுத்துக்கொள்ளும். அதனால்தான் பிறந்த 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் சிகிச்சை என்கிறார்கள். காதுக்குள் பொருத்தும் காக்லியர் இம்பிளான்ட் கருவி தேவைப்படும் பிள்ளைக்கு மூன்று வயதுக்குள் அதைப் பொருத்தினால் பலன் அதிகம். 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே செய்துகொள்ளலாம். "அவங்க அப்பாவும் மெதுவாத்தான் பேசினாரு" என்று ஆச்சிமார் சொல்வதைக் கேட்டு வருடத்தைக் கழிக்க வேண்டாம்.

கருவி பலிக்காத பிள்ளைக்கும் மொழி உண்டு. சைகை மொழியையும் மூளை அதே மொழிப் பகுதிகளில்தான் கையாள்கிறது. பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி, பக்கத்துப் பாளையங்கோட்டையில் இன்றும் நடக்கிறது.

பீரோவுக்குள் கிடக்கும் கருவி

பெரியவர்களுக்குக் காதொலிக் கருவி வாங்கிக் கொடுத்த பல வீடுகளில் அது பீரோவில் கிடக்கிறது. "தட்டுச் சத்தமும் பேன் சத்தமும் மண்டையைப் பிளக்கு" என்று கழற்றிவிடுகிறார்கள். பல வருடம் கேட்காதிருந்த ஒலிகளை ஒதுக்கித் தள்ள மூளை மறந்துபோயிருக்கும். திரும்பப் பழகச் சில வாரம் ஆகும். முதலில் அமைதியான வீட்டில் தினமும் கொஞ்ச நேரம் ஒருவரிடம் மட்டும் பேசட்டும், பிறகு டிவி, கடைசியில் கல்யாண வீடு, பஸ் ஸ்டாண்டு. ஒரே நாளில் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனால் கருவி பீரோவுக்குத்தான் போகும்.

நடுவயதில் வரும் காது மந்தத்தைக் கவனிக்காமல் விடுவது பின்னாளில் மறதிநோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்று லான்செட் ஆய்வுக்குழு 2020-இல் எச்சரித்தது. உங்கள் வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறவர் இருந்தால், பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அழைத்துப் போய் ஒருமுறை கேட்புத்திறன் பரிசோதனை செய்துவிடுங்கள்.