கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்தல்

கண்ணாடித் தொட்டியொன்றைக் கூடத்தின் ஒரு மூலையில் அமைத்து, அதனுள் வண்ண மீன்கள் சிலவற்றை விட்டு வளர்க்கும் வழக்கம் இன்று நம் நாட்டு நகரங்களில் மட்டுமன்றிக் கிராமங்களிலும் பரவியுள்ளது. பெரும்பாலும் வீட்டுச் சிறுவரின் விருப்பத்தை நிறைவேற்றும் பொருட்டே பெற்றோர் இதனைத் தொடங்குகின்றனர். ஒரு நாள் மாலையில் தொட்டியும் மீனும் தீனியும் ஒருங்கே வாங்கப்படுகின்றன; அன்றிரவே மீன்கள் புது வீடு புகுகின்றன. முதல் இரண்டு மூன்று நாட்கள் யாவும் நன்றாகவே நடைபெறும். பின்னர் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். செட்டைகளை ஒடுக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கும். ஒவ்வொன்றாய் இறந்து மிதக்கும். கடைக்காரர் நோய்கொண்ட மீனை விற்றுவிட்டார் என்பர் சிலர். நாவூறு பட்டதென்பர் வேறு சிலர். தீனி போட மறந்ததென்று பிள்ளையைக் கடிவோரும் உளர். உண்மையில் அம்மீன்களுட் பலவற்றைக் கொன்றது, பளிங்குபோலத் தெளிந்து தோன்றும் அத்தொட்டி நீரே.

நிலத்தில் வாழும் விலங்கு தன் கழிவை ஓரிடத்தில் விட்டு வேறிடஞ் செல்லும். மீனுக்கோ அது உண்ணுமிடமும் உறங்குமிடமும் மூச்சுவிடுமிடமும் கழிவு விடுமிடமும் ஒன்றே. மீனின் உடலில் உண்டாகும் கழிவுப் பொருள்களுள் முதன்மையானது அமோனியா. அது பெரும்பாலும் பூக்கள் எனப்படும் செவுள்களின் வழியாகவே, இடைவிடாது நீரிற் கலக்கின்றது. உண்ணாது எஞ்சிய தீனியும் அழுகும் இலைகளும் அமோனியாவையே தருகின்றன. குளத்திலும் ஆற்றிலும் நீர் மிகுதியாதலால் இந்நஞ்சு பரந்து செறிவு குறைந்துபோகும்; சேற்றிலும் கல்லிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதனை வேறு பொருளாக மாற்றியும் விடும். புதிதாகக் கழுவி நீர் நிரப்பிய தொட்டியில் நீரும் சிறிது, நுண்ணுயிர்களும் இல்லை. அமோனியாவுக்கு நிறமில்லை; அது மிகச் சிறிதளவாக உள்ளபோது மணமும் புலப்படாது. ஆதலினாலேயே வீட்டார் காரணத்தை அறியாது திகைக்கின்றனர்.

தொட்டியில் உயிர்ச் சமநிலை என்னும் கருத்தை ஆராய்ந்து வெளியிட்டோருள் முதன்மையானவர் இலண்டனில் வாழ்ந்த இரசாயன அறிஞரான இறொபேட் வாரிங்டன் என்பவராவர். இவர் பொன்மீன்கள் இரண்டினை வாலிசுனேரியா என்னும் நீர்ச்செடியுடன் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டு, நீரை மாற்றாமலே அவை வாழுமா என்று ஆராய்ந்தார். மீன் வெளிவிடும் காபனீரொட்சைட்டைச் செடி கொள்ளும், செடி வெளிவிடும் ஒட்சிசனை மீன் கொள்ளும் என்பது அவர் எண்ணம். முதலில் எல்லாம் நன்றாகவே இருந்தது. பின்னர்ச் செடியின் முதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கிப் பச்சைப் பாசி படர்ந்தது. அவர் குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொணர்ந்து விட்டார். அவை அழுகிய இலையையும் பாசியையும் தின்று நீரைத் தெளிவித்தன. இவ்வாராய்ச்சியின் முடிவு 1850இல் வெளிவந்தது. மூன்றாண்டுகளின் பின் இலண்டன் விலங்கியற் பூங்காவில் மக்கள் கண்டுகளிக்கும் மீன்காட்சிச் சாலையும் திறக்கப்பட்டது. 1854இல் பிலிப்பு ஹென்றி கொசே எழுதிய நூல் இக்கலையை இங்கிலாந்து நாட்டு இல்லங்களிற் புகுத்தியது.

வாரிங்டன் கண்டது பாதி உண்மையே. செடியும் மீனும் நத்தையும் அன்றி, கண்ணுக்குப் புலப்படாத நாலாவது ஓரினமும் அப்பாத்திரத்துள் உழைத்துக்கொண்டிருந்ததை அவர் அறிந்திலர். அமோனியா நைத்திரேற்றாக மாறுவது உயிர்களின் தொழிலே என்பதை 1877இல் பிரான்சு நாட்டு அறிஞரான சுலோசிங்கும் முன்சும் காட்டினர். அவ்வுயிர்களைப் பிரித்தெடுத்து வளர்த்தவர் உருசிய நாட்டவரான வினோகிராட்சுகி, ஆண்டு 1890. ஒருவகை நுண்ணுயிர் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். பிறிதொருவகை அந்நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். இவ்விரண்டு படிகளையும் ஒன்றே தனித்துச் செய்யவல்ல பற்றீரியாவும் உண்டென்பது 2015இல் வெளிப்பட்டது. இடைப்பட்ட பொருளாகிய நைத்திரைற்றும் கொடிய நஞ்சே. அது மீனின் குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு வினைப்பட்டு ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கும், குருதி கபிலநிறமாகும், நீரில் ஒட்சிசன் நிறைந்திருப்பினும் மீன் மூச்சுத் திணறும். இறுதியில் உண்டாகும் நைத்திரேற்றோ, பெருகித் தேங்கினாலன்றித் தீங்கு செய்வதில்லை.

இந்நுண்ணுயிர்கள் மெல்லவே பெருகுவன. புதுத்தொட்டியில் முதலில் அமோனியா உயரும். அதனை உண்ணும் இனம் பெருகியதும் அது தாழ்ந்து நைத்திரைற்று உயரும். பின்னர் அதுவும் தாழும். இவை முடிய நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். தொடங்குவோர் அறியவேண்டியவற்றுள் இதுவே தலையாயது. ஆதலின் தொட்டியை வாங்கிய நாளிலே மீனை வாங்கலாகாது. தொட்டியில் நீர் நிரப்பி, வடிகட்டியை இயக்கி, மீன் இல்லாமலே நாடோறும் ஒரு சிட்டிகை தீனியை இட்டுவரின் அது அழுகி அமோனியாவைத் தர, நுண்ணுயிர்கள் அதனை உண்டு பெருகும். நெடுநாள் மீன் வளர்க்கும் நண்பர் ஒருவரின் வடிகட்டியிலிருந்து பழைய பஞ்சுத் துண்டொன்றைப் பெற்று ஈரம் உலராமற் கொணர்ந்து வைப்பின் காலம் பெரிதுங் குறையும். அமோனியா, நைத்திரைற்று ஆகியவற்றை நிறமாற்றத்தால் அறிவிக்கும் சோதனைத் திரவங்கள் கடைகளில் உள்ளன. இரண்டும் இல்லையென்று அவை காட்டிய பின்னரே மீனை விடுதல் முறை. வெறுந் தொட்டியைப் பார்த்துக்கொண்டு ஒரு மாதம் காத்திருத்தல் சிறுவருக்கு எளிதன்று. எனினும் அம்மாதத்திற் செடிகளை நட்டு அவை வேர்கொள்வதை அவர்க்குக் காட்டலாம்.

யாழ்ப்பாணத்தவர் இவ்விடத்து மற்றொன்றையும் கருதல் வேண்டும். குடாநாட்டின் கிணற்றுநீர் சுண்ணாம்புக்கற் படையினின்று ஊறுவதால் வன்மையும் காரத்தன்மையும் உடையது. அமோனியா நீரில் இருவடிவாய் நிற்கும்; ஒன்று மிக்க நஞ்சு, மற்றையது அத்துணை நஞ்சன்று. 25 பாகைச் செல்சியசு வெப்பத்தில், பீ.எச். பெறுமானம் 7 ஆகவுள்ள நீரில் நச்சுவடிவம் ஏறக்குறைய 200இல் ஒரு பங்கே. பெறுமானம் 8 ஆயின் அது 20இல் ஒரு பங்குக்கும் மேலாகும். ஒரேயளவு அமோனியா மலைநாட்டு மென்னீரிற் பொறுக்கத்தக்கதாயினும் குடாநாட்டு வன்னீரிற் கொல்லும். மேலும், உரமிகுந்த தோட்ட நிலங்களிலுள்ள கிணறுகள் சிலவற்றின் நீரில் நைத்திரேற்று முன்னரே மிகுந்துள்ளது. அத்தகைய நீரைக் கொண்டு மாற்றுவதால் தொட்டியின் நைத்திரேற்றைக் குறைத்தல் இயலாது. மழைநீரைச் சேர்த்து அதனோடு கலந்து பயன்படுத்தல் நன்று.

சிறு பாத்திரம் தொடங்குவோர்க்கு எளிதென்று பலர் கருதுகின்றனர். அது முற்றும் தவறு. நீர் குறையக் குறைய ஒரு சிறு பிழையும் பெருங்கேடாகும். ஐந்து இலீற்றர் கொள்ளும் உருண்டைக் கிண்ணத்தில் ஒரு பொன்மீனை விடுதல் காட்சிக்கு இனிதாகலாம், ஆயின் பொன்மீன் நன்கு வளரின் 20 சதமமீற்றருக்கு மேல் நீளும் இனம், கழிவும் மிகுதி. கிண்ணத்தின் வாய் ஒடுங்கியிருப்பதால் காற்றிலுள்ள ஒட்சிசன் நீரிற் கரைதற்குரிய பரப்பும் குறுகிவிடும். 60 சதமமீற்றர் நீளமும், 30 அகலமும், 30 உயரமும் உள்ள தொட்டி 54 இலீற்றர் கொள்ளும். மணலும் கல்லும் மேல் இடைவெளியும் போக நீர் 45 இலீற்றர் வரை நிற்கும். இதுவே தொடக்கத்துக்குத் தக்க அளவு. நீரின் நிறை ஓர் இலீற்றருக்கு ஒரு கிலோகிராம் ஆதலின், கால் ஆடும் மேசையில் இதனை வைத்தல் ஆகாது. யன்னல் வெயில் நேரே படும் இடமும் ஆகாது. பாசி படரும், நீரும் சூடேறும். 20 பாகையில் இலீற்றருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்து நிற்கும் நீரில், 30 பாகையில் 7½ மில்லிகிராமே நிற்கும். சித்திரை வைகாசி வெம்மையில் மீன்கள் மேலே வந்து வாய் திறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். காற்றுப்பம்பி நீர்மட்டத்தைக் கலக்கி இக்குறையை நிரப்பும். செடிகளை மட்டும் நம்புதல் போதாது. இரவில் அவையும் ஒட்சிசனைக் கொள்வன.

குழாய்நீரில் குளோரீன் உண்டு. அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருப்பின் அது பெரும்பாலும் நீங்கும். சோடியந் தயோசல்பேற்றுக் கலந்த மருந்துத் துளிகளை இடின் உடனே நீங்கும். கிணற்றுநீரே பயன்படுத்துவோரும், நோய்த்தடுப்பின் பொருட்டுச் சுகாதாரப் பகுதியினர் கிணற்றுக்குக் குளோரீன் இட்ட நாட்களில் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

இனி, எம்மீனைத் தெரிவது? வன்னீர்ப் பகுதியினருக்குக் கப்பி, மொலி, பிளாற்றி ஆகியவை மிகப் பொருந்துவன. இவை அந்நீரையே விரும்புவன. திரினிடாட்டிலிருந்து இலெச்மியர் கப்பி என்பார் அனுப்பிய மீனுக்கு 1866இல் குந்தர் அவர் பெயரையே இட்டார். அதனை ஏழாண்டுகளுக்கு முன்னரே பீற்றர்சு வேறு பெயரில் விவரித்திருந்தமையால் அறிவியற் பெயர் நிலைக்கவில்லை, வழக்குப் பெயர் நிலைத்துவிட்டது. மென்னீருள்ளோர் நம் தென்மேற்கு நீரோடைகளுக்கே உரிய செந்நிறச் சிறுமீனாகிய லே தித்தெயாவை வளர்க்கலாம். 1929இல் தெரணியகல இதனை உலகுக்கு அறிமுகஞ் செய்தார். ஓடையிற் பிடித்தவற்றை வாங்காது, பண்ணையிற் பெருக்கியவற்றையே வாங்குதல் தகும். நுவரெலியா போன்ற குளிரிடங்களில் இவற்றுக்கு வெப்பமூட்டி வேண்டும். போராளி மீன் நீர்மட்டத்துக் காற்றையும் உறிஞ்சவல்ல தனியுறுப்புடையது. எனினும் சோற்றுக்குவளை அளவான போத்தலில் அதனை அடைத்து வைத்தல் கொடுமையே. ஆண்கள் இரண்டை ஒன்றாய் விடின் ஒன்று மற்றொன்றைக் கடித்துச் சிதைக்கும்.

தொட்டியைத் துப்புரவு செய்யும் மீனென்று விற்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளிறு பற்றி ஒரு சொல். அது சிறிது பாசியைத் தின்பது உண்மை; ஆனால் கழிவை நீக்குவதில்லை, தானே மிகுதியாய்க் கழிவு விடுவது. வாங்கும்போது விரலளவினதாகிய அது 30 சதமமீற்றருக்கு மேல் வளர்ந்து தொட்டியை அடைத்துவிடும்.

45 இலீற்றரில் ஆறு முதல் எட்டுச் சிறுமீன்கள் போதும்; அவற்றையும் ஒரே நாளில் விடாது, இரண்டு மூன்றாய் வாரந்தோறும் விடுதல் வேண்டும். மீனிருக்கும் பையைக் கால்மணி நேரம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, வெப்பம் ஒத்தபின், தொட்டி நீரைச் சிறிது சிறிதாய்ப் பையுட் கலந்து பழக்குவர்.

தீனியிடும் முறையிலேயே பலர் தவறுகின்றனர். மீன் வாயசைத்து வரும்போதெல்லாம் பசியென்று எண்ணிப் பாட்டி ஒரு பிடியும், பேரப்பிள்ளை ஒரு பிடியும் இடுவர். இரண்டு நிமிடத்துள் தின்று முடிப்பதே ஒரு வேளை அளவு. நாளுக்கு ஒருமுறை அல்லது இருமுறை அமையும். வாரத்தில் ஒரு நாள் பட்டினி கிடப்பினும் வளர்ந்த மீனுக்குக் கேடில்லை. முற்றத்துத் தொட்டியில் நெளியும் நுளம்புக் குடம்பிகளை வடித்தெடுத்து இடின் மீன்கள் பாய்ந்து உண்ணும், வீட்டுக்கும் நன்மை.

வாரம் ஒருமுறை நாலிலொரு பங்கு நீரை அடியிலிருந்து குழாயால் உறிஞ்சி எடுத்துப் புதுநீர் விடல் வேண்டும். மீனையெல்லாம் வாளியில் இட்டு, கல்லையும் பஞ்சையும் சவர்க்காரமிட்டுத் தேய்த்து, முழு நீரையும் மாற்றும் வழக்கமே பெருந்தீங்கு. ஒரு மாதம் காத்திருந்து பெற்ற நுண்ணுயிர்கள் யாவும் ஒரு காலைப்பொழுதில் அழிய, தொட்டி மீண்டும் புதுத்தொட்டியாகிவிடும். வடிகட்டிப் பஞ்சை, தொட்டியினின்று எடுத்த பழைய நீரிலேயே பிழிந்து அலசினாற் போதும். சவர்க்காரம் தொட்டியை அணுகவே கூடாது.

கப்பி குட்டியீனும் இனம். பெண்மீன் ஏறக்குறைய நான்கு வாரத்துக்கொருமுறை ஈனும். ஆணின் விந்தைப் பல மாதம் தன்னுள் காத்து வைக்கவும் வல்லது. ஆதலின் ஆண்மீன் இல்லாதபோதும் குட்டிகள் தோன்றக்கண்டு வியப்புறவேண்டியதில்லை. மிகுந்த மீன்களைக் குளத்திலோ வாய்க்காலிலோ விட்டுவிடுதல் இரக்கமுடைய செயலென்று பலர் எண்ணுகின்றனர். தொட்டியில் இடங்கொள்ளாது இவ்வாறு விடப்பட்ட உறிஞ்சுவாய்க் கெளிறு இன்று இலங்கை நீர்நிலைகள் பலவற்றிற் பரவி, மீன்பிடிப்போர் வலைகளிற் சிக்கி அவற்றைக் கிழித்து வருகின்றது. மிகுந்தவற்றைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கலாம். அயலவர் தொட்டிக்குக் கொடுக்கலாம். ஆண்களை மட்டும் வளர்த்துப் பெருக்கத்தையே தவிர்க்கலாம். வாரந்தோறும் எடுக்கும் பழைய நீரை வடிகாலில் ஊற்றாது வெற்றிலைக் கொடிக்கும் குரோட்டன் செடிக்கும் விடுவர். நைத்திரேற்று நிறைந்த அந்நீர் அவற்றுக்கு நல்ல உரம்.