பழைய கார் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிப் போடும் முன்...

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார் ஆம்ப்ளிஃபயருக்கு என்ன வேலை என்கிறீர்களா? இரண்டும் தூரத்து உறவு அல்ல, நெருங்கிய உறவு. கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ். போலவே கார் ஆம்ப்ளிஃபயருக்குள்ளும் ஒரு ஸ்விட்சிங் பவர் சப்ளை உண்டு. பேட்டரி தரும் 12 வோல்ட் பெரிய சத்தத்துக்குப் போதாது. அதை பிளஸ் 30, மைனஸ் 30 வோல்ட் என்கிற மாதிரி உயர்த்தித் தருவது இந்தப் பகுதிதான். டி.எல்.494 என்ற ஐ.சி.யைப் பழைய எஸ்.எம்.பி.எஸ்.களிலும் பார்க்கலாம், கார் ஆம்ப்ளிஃபயர்களிலும் பார்க்கலாம். பழுது கண்டுபிடிக்கும் வழியும் ஒன்றுதான்: எல்லாவற்றையும் கழற்றுங்கள், ஒவ்வொன்றாக மாட்டுங்கள்.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. முடிச்சூரில் என் சித்தப்பாவின் காரில் கதவு பாதி வரை தண்ணீர். ஆம்ப்ளிஃபயர் பின் சீட்டின் முதுகில் உயரத்தில் இருந்ததால் நனையவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு பாடவே இல்லை. 'புரொடெக்ட்' என்ற சிவப்பு விளக்குதான் எரியும். கடையில் "போர்டு போச்சு சார், புதுசு வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டார்கள். சித்தப்பாவும் அப்படியே விட்டுவிட்டார். கடந்த பொங்கல் விடுமுறையில் ஒரு மல்டிமீட்டரோடு நான் உட்கார்ந்தேன். நீங்களும் இதே வரிசையில் பாருங்கள்.

1. ஃபியூஸ்: பேட்டரி அருகில் ஒன்று, ஆம்ப்ளிஃபயரிலேயே ஒன்றோ இரண்டோ இருக்கும். கழற்றி மீட்டரின் 'பீப்' நிலையில் சோதியுங்கள். போயிருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸையே போட வேண்டும்.

2. மூன்று முனைகள்: பேட்டரி பிளஸ், கிரவுண்ட், ரிமோட். இன்ஜின் ஓடாதபோது பிளஸுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 12.6 வோல்ட் அளவிலும், ஓடும்போது சுமார் 14 வோல்ட்டும் வர வேண்டும். ஸ்டீரியோவை ஆன் செய்ததும் ரிமோட் முனையில் 12 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் ஆம்ப்ளிஃபயர் விழிக்காது. கம்ப்யூட்டரில் பவர் பட்டன் செய்யும் வேலை இது. கிரவுண்ட் வயர் பாடியில் சேரும் இடம் துருப்பிடித்திருந்தால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

3. புரொடெக்ட் விளக்கு: ஆஃப் செய்துவிட்டு எல்லா ஸ்பீக்கர் வயர்களையும், ஸ்டீரியோவிலிருந்து வரும் ஆடியோ வயர்களையும் கழற்றுங்கள். மறுபடி ஆன் செய்யுங்கள். சிவப்பு விளக்கு அணைந்துவிட்டதா? அப்படியானால் கோளாறு வெளியேதான். ஒவ்வொரு முறையும் ஆஃப் செய்து, ஒவ்வொரு வயராக மாட்டிப் பாருங்கள். எதை மாட்டினால் விளக்கு எரிகிறதோ அதுதான் குற்றவாளி. 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3 முதல் 4 ஓம் வரை காட்டும். ஸ்பீக்கர் வயருக்கும் கார் பாடிக்கும் இடையே 'பீப்' வரவே கூடாது.

4. எல்லாம் கழற்றியும் சிவப்பு எரிந்தால், அல்லது புது ஃபியூஸும் உடனே போனால், கோளாறு உள்ளே. இன்னொரு ஃபியூஸை வீணாக்காமல், பிளஸ் வயரில் தொடராக 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒன்றை இணையுங்கள். அது பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். பெரும்பாலும் பவர் சப்ளையின் மாஸ்ஃபெட் போயிருக்கும். அதே நம்பர் மாஸ்ஃபெட் ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடினால் கிடைக்கும். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுங்கள். கொடுக்கும்போது "ஸ்பீக்கர் இல்லாமலேயே புரொடெக்ட் வருது" என்று சொன்னால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

சித்தப்பாவின் காரில் மூன்றாவது படியிலேயே விடை கிடைத்தது. வெள்ளத்தில் ஊறிய இடது கதவு ஸ்பீக்கர் துருப்பிடித்து, அதன் காயில் இரும்புச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஸ்பீக்கரை மாற்றியதும் ஆம்ப்ளிஃபயர் பாடியது. போர்டு கடைசி வரை நன்றாகத்தான் இருந்திருக்கிறது!

ஆனால் முதல் படியில் பார்த்த ஒன்றுதான் என்னைப் பயமுறுத்தியது. பேட்டரி அருகே ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள். ஷார்ட் ஆனால் கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் தள்ளும். வயர் பழுத்து, தீப்பிடித்து, காரே எரியலாம். இத்தனை வருடம் அந்த வண்டியில்தான் எல்லோரும் போய் வந்திருக்கிறோம். உங்கள் காரில் ஆம்ப்ளிஃபயர் நன்றாகப் பாடினாலும் சரி, இன்றைக்கே பானெட்டைத் திறந்து அந்த ஃபியூஸை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.