என் பகையாளியை வரைந்தவர்

காக்கையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், நம் மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர் சிரித்துவிட்டார். "மயில், குயில் எல்லாம் தீர்ந்து போச்சா சார்?" என்றார். தீரவில்லை. ஆனால் மயிலோடும் குயிலோடும் எனக்குக் கொடுக்கல் வாங்கல் எதுவும் கிடையாது. காக்கையோடு முப்பத்தாறு வருஷப் பகை உண்டு.

டிப்ளமோ முடித்து 1983-ல் ரயில்வேயில் சேர்ந்தேன். 2019-ல் ஓய்வு பெறும்வரை மேல்நிலை மின்கம்பிப் பிரிவில்தான் வேலை. 'ஓ.எச்.இ.' என்றால் ரயில்வேக் குடும்பங்களுக்குப் புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மின்சார இன்ஜினுக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. அதைத் தாங்கி நிற்கும் இரும்புக் கம்பமோ பூமியோடு இணைக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஓர் இன்சுலேட்டர்தான். காக்கைக்குக் கூடு கட்ட அந்த மூலைதான் தோதான இடம். சுள்ளி மட்டும் வைத்தால் பரவாயில்லை. எங்கிருந்தோ இரும்புக் கம்பித் துண்டுகளையும் கொண்டு வந்து செருகும். அதில் ஒன்று சரிந்து இன்சுலேட்டரைத் தாண்டித் தொட்டால் போதும், சப்-ஸ்டேஷனில் 'டிரிப்' ஆகிவிடும். நடுக்காட்டில் ரயில் நிற்கும். என் வீட்டில் போன் அடிக்கும்.

ஆகவே ஒவ்வொரு கோடையிலும், மழைக்கு முன்னால், மின்சாரத்தை நிறுத்தி டவர் வேகனில் ஏறிக் கூடுகளைப் பிரிப்போம். சிலவற்றில் முட்டை இருக்கும். குஞ்சுகள் இருந்ததும் உண்டு. 'வண்டியில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்' என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது பொய்யும் அல்ல. ஆனாலும் தாய்க் காக்கை தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்துவது காதில் நிற்கும். நாலைந்து நாளில் அதே கம்பத்தில் மறுபடியும் கூடு முளைத்திருக்கும்.

என் மனைவி காக்கைக்கு ஒரு கவளம் வைக்காமல் சாப்பிட மாட்டாள். "நீங்க போய் அதுங்க வீட்டைப் பிரிச்சுப் போடுங்க, நான் இங்க சோறு வெச்சுச் சமாதானம் பண்றேன்" என்பாள். நான் சிரித்துக்கொண்டே டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.

2021-ல் அவள் போய்விட்டாள். இங்கே புனேயில்தான் காரியம் நடந்தது. பிண்டத்தை வைத்துவிட்டு நெடுநேரம் காத்திருந்தோம். காக்கைகள் மரத்தில் இருந்தன, ஒன்றுகூட இறங்கவில்லை. மராத்தியரிடமும் இந்த வழக்கம் உண்டு. 'காகஸ்பர்ஷ்' என்பார்கள். அந்தப் பெயரிலேயே 2012-ல் மகேஷ் மஞ்ச்ரேக்கர் ஒரு படம் எடுத்தார். பக்கத்து வீட்டு மராத்திப் பெரியவர் என் தோளைத் தொட்டு, "அம்மாவுக்கு ஏதாவது குறை இருந்ததா? மனசுக்குள் ஒரு வாக்குக் கொடுங்கள்" என்றார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. "பிரிச்ச கூட்டுக்கெல்லாம் மன்னிச்சுடு" என்றுதான் வாய்க்குள் வந்தது. காக்கையிடம் கேட்டேனா, அவளிடம் கேட்டேனா என்று இன்றுவரை தெரியவில்லை. சற்று நேரத்தில் ஒன்று இறங்கி வந்து கொத்தியது. என் வேண்டுதலால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன், பசித்திருக்கும். ஆனால் அன்றுதான் ஒரு காக்கையை முதன்முதலாக உற்றுப் பார்த்தேன்.

அதற்குச் சில மாதம் கழித்து, 2022-ல், புனே பாலேவாடியில் ஆர்.கே. லக்ஷ்மண் அருங்காட்சியகம் திறந்தார்கள். மால்குடி ஊரைச் சின்ன மாதிரியாகச் செய்து வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பேத்தியை அழைத்துப் போனேன். லக்ஷ்மணை நமக்கு அறிமுகப்படுத்தவா வேண்டும்? 1921-ல் மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தலைமை ஆசிரியரின் கடைசிப் பிள்ளை, ஆர்.கே. நாராயணின் தம்பி. மும்பை ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் இடம் கேட்டு, திறமை போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர். 1951-ல் 'யூ செட் இட்' கார்ட்டூனைத் தொடங்கி, கட்டம் போட்ட கோட்டுடன் ஒரு சாமானியரை நாடு முழுக்க உலவ விட்டவர். 2015 ஜனவரி 26 அன்று இதே புனேயில் காலமானார்.

இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். தெரியாதது ஒன்று: அவருக்குச் சிறு வயதிலிருந்தே காக்கைப் பித்து. வீட்டுக்குத் திரும்பியதும் அவருடைய காக்கை ஓவியங்களின் அச்சுப் பிரதிகளைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். வேட்டி கட்டிய அமைச்சரை நான்கு கோட்டில் பிடித்த அதே கை, காக்கையின் தலைச் சாய்ப்பையும் அப்படியே பிடித்திருந்தது. அவர் சொன்ன காரணம் எளிமையானது. பச்சை இலை, நீல வானம், செம்மண் என்று எதன் முன்னே வைத்தாலும் காக்கையின் கறுப்பு எடுப்பாகத் தெரியும். மற்ற பறவைகள் பயந்து இலைக்குள் ஒளியும். இது வெளியே நின்று, தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். அவருடைய சாமானியரும் அப்படித்தானே? எல்லா இடத்திலும் நிற்பார், யாரும் கவனிக்க மாட்டார்கள், அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

மேல்நாட்டார் தங்கள் பெரிய காக்கையான 'ரேவன்' பறவையைச் சாவின் அறிகுறி என்றார்கள். எட்கர் ஆலன் போ 1845-ல் அதை வைத்து எழுதிய கவிதை உலகப் புகழ் பெற்றது. வடக்கு ஐரோப்பியக் கதைகளிலோ ஓடின் என்னும் தெய்வத்தின் தோளில் இரண்டு ரேவன்கள் உட்கார்ந்திருக்கும். ஒன்றின் பெயர் சிந்தனை, மற்றதன் பெயர் நினைவு. நம்மிடமும் காக்கை சனீஸ்வரனின் வாகனம், முன்னோரின் வடிவம். ஆனால் நம் புலவர்கள் அதோடு நிற்கவில்லை. சங்க காலத்தில் நச்செள்ளையார் என்ற பெண் புலவர், விருந்து வரப் போவதைக் கரைந்து சொன்ன காக்கைக்கு ஏழு கலம் நெய்ச்சோறு வைத்தாலும் போதாது என்று பாடினார். குறுந்தொகையில் 210-ஆம் பாட்டு. அந்தக் காக்கையே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு, காக்கைபாடினியார் ஆனார். பாரதியார் கரிய சிறகில் கண்ணனைக் கண்டார். 'காக்காய் பார்லிமெண்ட்' என்று வேடிக்கையாகவும் எழுதினார். வாசலில் தினம் நிற்பதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் இவர்கள். நானோ முப்பத்தாறு வருஷம் கூட்டை மட்டும் பார்த்தேன்.

இப்போது காலையில் பால்கனியில் சோறு வைத்துவிட்டு நானும் பென்சிலை எடுக்கிறேன். கம்பத்தையும் இன்சுலேட்டரையும் அளவு பிசகாமல் போட்டுப் பழகிய கை, காக்கைக்குப் பணியவில்லை. அது ஒரு நொடிகூட ஒரே மாதிரி நிற்பதில்லை. "தாத்தா, இது கழுகு மாதிரி இருக்கு" என்று பேத்தி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அவள் போட்ட காக்கை நன்றாக இருந்தது. கழுத்தில் சாம்பல் நிறம் இருப்பதை அவள் பார்த்திருக்கிறாள், நான் கவனித்ததில்லை.

ஊர்க்காக்கை மனிதர் குடியிருக்கும் இடத்தில்தான் வாழும். கப்பல் ஏறிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போய்க் குடியேறியிருக்கிறது. போன இடத்தில் கிடைத்த கம்பத்தில், கிடைத்த கம்பியை வைத்துக் கூடு கட்டும். பிரித்துப் போட்டாலும் மறுபடி கட்டும். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து, குவார்ட்டர்ஸ் மாற்றி மாற்றிக் குடித்தனம் நடத்திய நமக்கு அது அந்நியமா என்ன? என் மனைவி மட்டும் பதினொரு வீடு மாறியிருக்கிறாள்.

அன்பர்களே, அடுத்த பொங்கல் விழாவில் குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி வைத்தால், தாமரையும் மயிலும் வேண்டாம், காக்கையைத் தலைப்பாகக் கொடுங்கள். வண்ணப் பென்சில் செலவும் மிச்சம். கறுப்பு ஒன்றே போதும். சாம்பல் ஒன்று கூட இருந்தால் நல்லது.