பதினாறு பரப்பில் மூன்றில் ஒன்று எங்கே?

கொழும்புத்துறையில் பெரியவர்கள் காணி பற்றிப் பேசும்போது கவனித்துக் கேளுங்கள், பிள்ளைகளே. "எத்தனை பரப்பு?" என்று யாராவது கேட்பார்கள். ஒரு பரப்பு என்றால் 10 பேர்ச். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். ஆகவே 16 பரப்புச் சேர்ந்தால் ஓர் ஏக்கர். யாழ்ப்பாணத்தில் நாளும் புழங்கும் இந்தப் பதினாறுக்குள் அருமையான கணக்குகள் இருக்கின்றன.

சதுரக்கோட்டுக் கொப்பியில் பக்கத்துக்கு நாலு கட்டம் வருமாறு ஒரு பெரிய சதுரம் கீறுங்கள். உள்ளே 16 சிறு கட்டங்கள். இதுதான் நம் ஏக்கர். ஒரு கட்டம் ஒரு பரப்பு. உண்மையான காணி வேலி வளைகிறபடி வளைந்து கிடக்கும். நமக்கு இப்போதைக்குச் சதுரம் போதும்.

பாதியை, அதாவது எட்டுக் கட்டத்தை, நீலமாக்குங்கள். மிச்சத்தில் பாதி, நாலு கட்டம், சிவப்பு. அடுத்து இரண்டு பச்சை. பிறகு ஒன்று மஞ்சள். பழைய தமிழ்க் கணக்கில் இவை அரை, கால், அரைக்கால், மாகாணி. நான்கையும் கூட்டினால் எவ்வளவு? பகுதியெண்ணைச் சமப்படுத்த ஓட வேண்டாம், படத்தைப் பாருங்கள். நிறமில்லாமல் ஒரே ஒரு கட்டம் நிற்கிறது. விடை 15/16. இன்னும் எத்தனை முறை பாதியாக்கினாலும், கடைசியாக நிறந்தீட்டிய துண்டு எவ்வளவோ, அதே அளவு மிச்சம் இருக்கும்.

இன்னொரு சதுரம் கீறி, மூலைக் கட்டம் ஒன்றுக்கு மட்டும் நிறம் தீட்டுங்கள். அதை அணைத்தபடி 'ட' வடிவில் மூன்று கட்டம், அடுத்த 'ட' ஐந்து, அதற்கடுத்தது ஏழு. 1+3+5+7=16. ஒவ்வொரு 'ட'வுக்கும் இரு கைகளிலும் ஒவ்வொரு கட்டம் கூடுவதால்தான் ஒற்றை எண்கள் வரிசையாக வருகின்றன. ஒன்பதையும் சேர்த்தால் 25, அதுவும் சதுரம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. ஓர் அம்மம்மா தன் ஒரு ஏக்கரை மூன்று பேரப்பிள்ளைகளுக்குச் சமமாகக் கொடுக்க நினைக்கிறார். ஆளுக்கு நாலு பரப்புக் கொடுத்தால் நாலு மிஞ்சும். அதில் ஆளுக்கு ஒன்று கொடுத்தால் ஒன்று மிஞ்சும். அந்த ஒரு பரப்பை நாலாக வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்தால் ஒரு துண்டு மிஞ்சும். அதையும் நாலாக வெட்டலாம். இது முடியவே முடியாது! ஆனால் மூவரும் எப்போதும் சமமாகவே பெறுகிறார்கள். மிச்சமோ ஒவ்வொரு முறையும் காலாகச் சுருங்கி ஒன்றுமில்லாமையை நெருங்குகிறது. அப்படியானால் 1/4, 1/16, 1/64 என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் வருவது 1/3. பெரிய வகுப்பில் சூத்திரம் போட்டுப் படிக்கும் விடயம் இது. நிறப்பென்சில் இருந்தால் இன்றைக்கே கண்ணால் காணலாம்.

அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் பின்னங்களைக் கீழ்வாய் இலக்கம் என்று மனனம் செய்தார்கள். அதில் முந்திரி என்பது 1/320. ஓர் ஏக்கரை 320 முந்திரியாக்கி மூவருக்குப் பிரித்துப் பாருங்கள்: ஆளுக்கு 106, மிச்சம் 2. முந்திரியையும் 320 ஆக்கினால் கீழ்முந்திரி, அதாவது 1/102400. அதிலும் ஆளுக்கு 34133 போக ஒன்று மிஞ்சுகிறது. 320 என்பது 64-ஐ ஐந்தால் பெருக்கி வந்த எண். இரண்டும் ஐந்தும் அதற்குள் இருக்கின்றன, மூன்று இல்லை. இல்லாத மூன்றை எத்தனை தரம் வெட்டினாலும் எடுக்க முடியாது.

பனம்பழத்தைப் பிளந்தால் பெரும்பாலும் மூன்று கொட்டை இருக்கும். அங்கே மூன்றில் ஒன்று மிச்சமில்லாமல் கைக்கு வந்துவிடும். காணியும் 15 பரப்பாக இருந்திருந்தால் ஆளுக்கு ஐந்து என்று அம்மம்மா ஒரே நாளில் முடித்திருப்பார்.

இப்போது அவருக்கு ஐந்து பேரப்பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு பரப்பில் ஆளுக்கு மூன்று, மிச்சம் ஒன்று. அந்த ஒன்றை எத்தனை துண்டாக்கினால் அதே ஒழுங்கு திரும்பத் திரும்ப வரும்? அதே காணியை முந்திரிக் கணக்கில் பிரித்தால் மிச்சமே வராது, ஏன்?